இருபத்தொரு நாள் கணக்கு யாருடையது?

எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்துவிட்டால் போதும், பிறகு அது தானாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். சுயமுன்னேற்றப் புத்தகங்கள், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் 'சவால்கள்', கல்லூரிகளின் ஊக்க உரைகள், ஜிம் விளம்பரங்கள் என்று எங்கு திரும்பினாலும் இந்த எண் எதிர்ப்படுகிறது. இருபதும் இல்லை, இருபத்திரண்டும் இல்லை, சரியாக 21. இவ்வளவு திட்டவட்டமான எண்ணைக் கேட்டால், யாரோ ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அளந்துதான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றும். அப்படி யாரும் அளந்து இந்த எண்ணுக்கு வரவில்லை. பழக்கத்தைப் பற்றியே அல்லாத ஒரு கூற்று, வாய்க்கு வாய் மாறிப் பழக்கத்தின் விதியாகிவிட்டது.

இந்த எண்ணின் பிறப்பிடமாகப் பலரும் காட்டுவது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அழகுச் சீரமைப்பு அறுவை மருத்துவரின் 'சைக்கோ சைபர்னெடிக்ஸ்' புத்தகம். 1960இல் வந்தது, பெருவாரியாக விற்றது. மூக்கையோ முகத்தையோ திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புதிய முகம் தம்முடையதாகத் தோன்ற ஏறக்குறைய மூன்று வாரம் பிடிப்பதை மால்ட்ஸ் கவனித்தார். கை கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு நீடிப்பதையும், குடிபோன புது வீடு சொந்த வீடாகத் தோன்றப் பிடிக்கும் காலத்தையும் இதே கணக்கில் சேர்த்தார். இவை ஒரு மருத்துவரின் கவனிப்புகள். கட்டுப்பாடுகளோடு நடத்திய ஆய்வின் முடிவுகள் அல்ல. அதைவிட முக்கியமானது, முகம் மாறியவர் எதையும் தினமும் முயன்று செய்யவில்லை. மாறிவிட்ட ஒன்றுக்கு மனம் இணங்கக் காத்திருந்தார், அவ்வளவுதான். விடியற்காலையில் எழுந்து ஓடப் பழகுவது வேறு வேலை. அந்த மருத்துவர் கூடக் 'குறைந்தது சுமார் 21 நாள்' என்றுதான் எழுதினார். மேடைக்கு வந்தபோது 'குறைந்தது' போயிற்று, 'சுமார்' போயிற்று, எண் மட்டும் தங்கிவிட்டது.

பழக்கம் படிவதை உண்மையிலேயே அளக்க முயன்ற ஆய்வு ஒன்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்தியது. 2010இல் ஆய்விதழில் அச்சானது. 96 பேர் ஆளுக்கொரு புதுச் செயலைத் தேர்ந்துகொண்டார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்கிற அளவில் சாதாரணச் செயல்கள்தான். 84 நாட்கள், அந்தச் செயல் எவ்வளவு யோசிக்காமல் நடக்கிறது என்று அவர்களே பதிவு செய்தார்கள். ஆரம்ப நாட்களில் தானியங்குதன்மை வேகமாக ஏறுகிறது, பிறகு மெல்ல மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தை எட்டப் பிடித்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. நடுமதிப்பு 66 நாள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி கூடுதல் காலம் கேட்டது.

உடனே ஒரு கூட்டம் '21 தவறு, 66தான் சரி' என்று புதுப் பலகை எழுதி மாட்டிவிட்டது. பழைய தவறேதான் இதுவும். அந்த 66 வந்தது, வேகமாக ஏறிப் பிறகு நின்றுவிடும் அந்த வளைகோட்டோடு பதிவுகள் நன்றாகப் பொருந்திய 39 பேரிடமிருந்து. 254 என்பதோ யாரும் நேரில் பார்த்த நாளே அல்ல. ஆய்வு 84 நாளில் முடிந்துவிட்டது, மீதியைக் கணித வளைகோட்டை நீட்டிப் பெற்றார்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, வாசித்தவர்கள்தான் தாண்டிப் போனார்கள். 2023இல் அமெரிக்காவில் ஜிம்முக்குச் செல்வோரின் வருகைப் பதிவுகளையும் மருத்துவமனை ஊழியர்களின் கைகழுவும் பதிவுகளையும் பெரும் எண்ணிக்கையில் எடுத்து ஆராய்ந்தபோது, கைகழுவுதல் படிய வாரங்களும் ஜிம் படிய மாதங்களும் ஆனதாகத் தெரிந்தது. மருத்துவமனை ஊழியர் ஒரு பணிமுறைக்குள் பல தடவை கைகழுவுகிறார். ஜிம்முக்கோ வாரத்தில் சில நாள்தான் போக முடியும். எல்லாச் செயலுக்கும் எல்லா ஆளுக்கும் பொதுவான நாள் கணக்கு என்று ஒன்று இல்லவே இல்லை.

நம் பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபம் எழலாம். வெளிநாட்டு மருத்துவர் சொன்னது போகட்டும், நம் முன்னோர் ஒரு மண்டலம் என்று 48 நாள் வகுக்கவில்லையா, சபரிமலைக்கு 41 நாள் விரதம் இல்லையா என்று கேட்பார்கள். மண்டலம் மருந்துக்கும் வழிபாட்டுக்கும் வைத்த கெடு. கெடு என்றால் அதற்கு முடிவு உண்டு. பழக்கத்துக்கு முடிவு இருந்தால் அது பழக்கமே அல்ல. ஐயப்ப விரதத்தையே எடுத்துக்கொள்வோம். இருபத்தொன்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நாட்கள் புகையும் மதுவும் இறைச்சியும் இல்லாமல் லட்சக்கணக்கானோர் இருந்து காட்டுகிறார்கள். நாள் எண்ணிக்கையில்தான் சூட்சுமம் என்றால் இவர்கள் எல்லோரும் ஆயுசுக்கும் விட்டிருக்க வேண்டும். அப்படியே விட்டவர்கள் உண்டு. மாலையைக் கழற்றிய கையோடு பெட்டிக்கடைக்கு நடந்தவர்களையும் ஊர் பார்த்திருக்கிறது.

இதில் விரதத்தின் குறை எதுவும் இல்லை. அது எப்படி அத்தனை உறுதியாக நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கழுத்தில் மாலை, உடம்பில் கறுப்போ நீலமோ வேட்டி, காலில் செருப்பில்லை, விடிகாலைக் குளியல், மாலையில் சரணம், தெருவில் பார்ப்பவர் எல்லாம் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். நேற்றுவரை சிகரெட்டை நீட்டிய நண்பனே இன்று தள்ளி நின்று ஊதுகிறான். அந்த 41 நாளைத் தாங்குவது தனிமனித வைராக்கியம் மட்டுமல்ல, சுற்றியிருக்கும் மொத்த ஏற்பாடு. மாலை இறங்கும்போது ஏற்பாடும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. பழைய டீக்கடை, பழைய நேரம், பழைய கூட்டு மறுபடி வந்து நிற்கின்றன.

இடமும் சூழலும் பழக்கத்தை எவ்வளவு இழுக்கின்றன என்பதற்கு 2011இல் வெளியான ஒரு வேடிக்கையான பரிசோதனை உண்டு. டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புது பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் பழசானதும் கொடுத்தார்கள். சினிமா பார்த்துக்கொண்டே கொறித்துப் பழகியவர்கள், நமுத்துப்போனதையும் புதியதைத் தின்ற அளவுக்கே தின்றார்கள். படம் ஓடாத சாதாரணக் கூட்ட அறையில் கொடுத்தபோது பழசை ஒதுக்கினார்கள். திரையரங்கிலேயே, பழகாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் ஒதுக்கினார்கள். நாக்குக்குத் தெரிந்தது கைக்கு உறைக்கவில்லை. கையை ஓட்டியது அந்த இருட்டும் இருக்கையும். நல்ல பழக்கமும் இதே வழியில்தான் வந்து உட்காரும். எத்தனையாவது நாள் என்பதைவிட எதற்குப் பிறகு, எங்கே என்பது தினமும் மாறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

21 நாள் நம்பிக்கைக்கு ஒரு துணை நம்பிக்கை இருக்கிறது: நடுவில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து எண்ண வேண்டும். இதற்குப் பெரிய மனிதர்களின் ஆதரவும் உண்டு. உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே, புதுப் பழக்கம் வேரூன்றும்வரை ஒரு விதிவிலக்குக்கும் இடம் தராதே என்று எச்சரித்தார். ஆனால் லாலியின் பதிவுகளில், ஒரு வாய்ப்பைத் தவறவிட்டவர்களின் முன்னேற்றம் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை. அடிக்கடி விட்டவர்கள் கதை வேறு. ஒன்பது நாள் நடந்து, பத்தாம் நாள் காய்ச்சலில் படுத்தவருக்கு ஒன்பது நாளும் கணக்கில்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கு என்பது தண்டனை. பலர் மறுபடி தொடங்காமல் போவதற்கு அதுவே சாக்காகிறது.

இனி, வலுவான ஆட்சேபம். எண் பொய்யாகவே இருக்கட்டும், நாலு பேரைத் தொடங்க வைக்கிறதே, அதில் என்ன கெடுதல்? தொடங்க வைக்கிறது என்பதை மறுக்கவில்லை. மூன்று வாரம் மலைப்பில்லாத தூரம். முதல் நாட்களில்தான் ஏற்றம் அதிகம் என்பதால் கொஞ்சம் பலனும் தெரியும். கெடுதல் இருபத்திரண்டாம் நாளில் இருக்கிறது. அன்றைக்கும் எழுந்திருக்க உடம்பு வணங்கவில்லை என்றால், சொன்ன கெடுவில் எல்லோருக்கும் வந்தது தனக்கு மட்டும் வரவில்லை என்று ஒருவர் முடிவு கட்டுகிறார். சோம்பேறி, மனவலிமை இல்லாதவன் என்ற பட்டங்களைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிறார். 84 நாள் அளந்த ஆய்விலேயே பலருக்குப் பழக்கம் முழுதாகப் படிந்திருக்கவில்லை என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. தவறான கெடுவை விற்றவர் அடுத்த 21 நாள் வகுப்புக்குச் சீட்டுக் கிழிக்கிறார். பழியோ, அதை வாங்கியவர் தலையில்.

ஆகவே அந்த வகுப்புகளை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். 'குறைந்தது', 'சுமார்' என்று மால்ட்ஸ் எழுதிய இரண்டு சொற்களையும் உங்கள் பலகையில் திருப்பி எழுதுங்கள். அவர் பேசியது புது முகத்தைப் பற்றி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.