கர்ப்பிணிகளின் ஆகாரமும் நிலமுடையோர் கடமையும்

சினைப் பசுவைப் பராமரிக்கும் முறை விவசாயிகளுக்குப் புதிதன்று. ஈனுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பால் கறப்பதை நிறுத்துவதும், தவிடும் பிண்ணாக்கும் பசுந்தீவனமும் கூட்டி வைப்பதும், தூரத்து மேய்ச்சலுக்கு ஓட்டாமல் கொட்டிலிலேயே கவனிப்பதும் பரம்பரையாக வந்த வழக்கம். இவற்றில் அசட்டையாக இருந்தால் கன்று மெலிந்து பிறக்கும், பாலும் குறையும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். ஆயினும் எத்தனையோ வீடுகளில், கர்ப்பந்தரித்த மருமகள் எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்டு படுக்கிறாள். அவ்வீட்டு வயலில் நாற்று நடும் கூலிப்பெண் ஏழாம் மாதத்திலும் காலைமுதல் சேற்றில் குனிந்து நிற்கிறாள். கொட்டிலில் அறிந்த உண்மை அடுக்களையிலும் வயலிலும் மறக்கப்படுவது மிகவும் விசனிக்கத்தக்கது.

இக்குறை சிறிதன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் இத்தொகை நூற்றுக்கு 48. அதே கணக்கின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்திய நிலையங்களிலேயே நடந்தன. அதாவது, வைத்தியர் கிராமத்தாருக்கு எட்டிவிட்டார்; சரியான ஆகாரம் இன்னும் எட்டவில்லை. ஆகாரம் விளைவது வயலில் ஆதலால், இவ்விஷயம் வைத்தியரோடு முடிந்துவிடுவதன்று, நிலமுடையோரையும் சார்ந்தது.

போஷணைக் குறைவினால் விளையும் தீங்குகள் பல. நல்ல இரத்தமுள்ள ஸ்திரீ தாங்கக்கூடிய பிரசவ இரத்தப்போக்கு, இரத்தசோகையுள்ளவளின் உயிரைப் போக்கிவிடக்கூடும். சிசு மாதம் நிரம்புமுன் பிறக்கலாம். அல்லது 2½ கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்து, நோய்களுக்கு எளிதில் இரையாகலாம். பிறந்தபின் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தைச் சிசு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்தே சேர்த்துக்கொள்கிறது. தாயிடம் இல்லாததைச் சிசு எங்கிருந்து பெறும்? அயோடின் மிகக் குறைந்தால் குழந்தையின் புத்தி வளர்ச்சி குன்றும்.

தாய் பட்ட பசி பிரசவத்தோடு நீங்குவதில்லை என்பதற்கு ஹாலந்து தேசம் சாட்சி. 1944–45ஆம் வருஷக் குளிர்காலத்தில், ஜெர்மானியர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்தமையால், அத்தேசத்தின் மேற்குப் பகுதி நகரங்களில் பஞ்சம் நேர்ந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் குறைந்த பங்கீடே கிடைத்தது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் பசித்த தாய்மாரின் சிசுக்கள் சராசரி சுமார் 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. முதல் மாதங்களில் மட்டும் பசித்தவர்களின் சிசுக்கள் எடையில் குறையவில்லை. ஆனால் அவர்கள் வளர்ந்து நடுவயதை எட்டியபோது, இருதய நோய் முதலியன அவர்களிடையே அதிகமாகக் காணப்பட்டன. ஆறே மாதப் பஞ்சம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தன் வேலையைச் செய்தது.

பரிகாரத்திற்கு வேண்டிய பொருள்கள் அருமையானவை அல்ல. 1928இல் இந்தியாவிற்கு வந்த லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய மாது, பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். அது அவர்கள் உண்ட ஆகாரத்தின் குறையினால் விளைந்தது என்றும், ஈஸ்ட் சாரம் அதனைக் குணப்படுத்துகிறது என்றும் கண்டார். அச்சாரத்தில் இருந்த சத்து 1941இல் பசலைக் கீரையினின்று பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் மாதத்திலேயே இச்சத்து தேவை. ஆகையால் கர்ப்பம் தெரிந்தபின் கீரை தேடுவது போதாது. மணமான பெண்ணின் ஆகாரத்தில் அது என்றும் இருத்தல் வேண்டும்.

“எங்கள் பாட்டிமார் வயலிலேயே பிரசவித்துத் திடமாக வாழவில்லையா?” என்று சிலர் கேட்பர். பிழைத்தவரே கதை சொல்ல இருந்தனர். மாண்டவரும் மாண்ட சிசுக்களும் கணக்கில் வரவில்லை. “அதிகம் உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும்” என்பது வேறொரு தப்பபிப்பிராயம். இதை நம்பி வயிற்றைக் குறைக்கும் பெண் பிரசவத்தை எளிதாக்கிக்கொள்வதில்லை. அதைத் தாங்கும் வலிமையையே இழக்கிறாள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி அதிகம் வேண்டும். வழக்கமான ஆகாரத்தோடு ஒரு தம்ளர் பாலும், ஒரு முட்டையும், ஒரு பிடி வேர்க்கடலையும் கொடுத்தால் இது நிறைவேறும்.

ஆகவே நிலமுடையோர் செய்யத்தக்கவை சில உண்டு. கிணற்றடியில் ஐந்து சென்ட் நிலத்தை விற்பனைக்கன்றி வீட்டுக்கென ஒதுக்கி, முருங்கை, அரைக்கீரை, தண்டுக்கீரை, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றைப் பயிரிடலாம். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையும் கொய்யாவும் துணைசெய்யும். உணவோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும். நெல் தரிசில் விளையும் பயறு, உளுந்து முழுவதையும் களத்திலேயே விற்றுவிடாமல் வீட்டுப் பங்கை முதலில் எடுத்துவைக்க வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பால் முழுவதையும் சங்கத்திற்கும், முட்டை முழுவதையும் கடைக்கும் அனுப்பும் வீட்டில் கர்ப்பிணியின் பங்கு முன்னரே எடுக்கப்படுதல் நியாயம்.

கூலிப்பெண்கள் விஷயத்தில் பொறுப்பு இன்னும் பெரிது. கர்ப்பிணிக்கு நடவும் சுமையும் தவிர்த்து, விதை பொறுக்குதல் போன்ற நிழல் வேலை தருவதும், அதற்காகக் கூலியைக் குறைக்காதிருப்பதும் நிலமுடையவரால் இயலாதன அல்ல. கொக்கிப்புழு வெறுங்காலின் வழியே உடலில் புகுந்து இரத்தத்தை உறிஞ்சுவதாதலால், கழிப்பிடமும் காலணியும் இரத்தசோகைக்கு மருந்தாகும்.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும், ஒவ்வொரு கர்ப்பிணியும் மூன்று மாதத்திற்குள் பதிவுசெய்துகொண்டாளா, இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதம் முதல் 180 நாள் உட்கொள்கிறாளா, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அவள் வயிற்றுக்கே போகிறதா என்று விசாரித்தறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவித்தொகை ஆகாரத்திற்கென ஏற்பட்டது. அது புருஷன் கடனுக்குப் போவது அத்திட்டத்தின் நோக்கத்தைக் கெடுப்பதாகும்.

விதைநெல்லைப் பஞ்சத்திலும் காப்பாற்றும் குடியானவன், அடுத்த தலைமுறையைச் சுமப்பவளை எல்லோருக்கும் கடைசியாக உண்ணவிடுவது தகாது. இன்றிரவே அவள் இலையில் முதலில் பரிமாறுவதற்கு எந்தச் சர்க்கார் உத்தரவும் வேண்டியதில்லை.