பத்து மணிக்கு மேல தெருவுல என்ன வேலை?

காசிமேட்டில் ராத்திரி 2 மணிக்கே பொழுது விடிந்துவிடும். விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலம் விடும் சத்தம் என்று துறைமுகமே விழித்துக்கொள்ளும். எண்ணூர், மணலி பக்கம் ஆலைகளில் ஷிப்ட் விட்டு வருபவர்களை நம்பியே டீக்கடைகளில் பாய்லர் கொதிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளில் டிரைவர்கள் அரைத்தூக்கத்தில் கிடப்பார்கள்.

இப்படிப்பட்ட ஏரியாவில்தான், எங்காவது செல்போன் பறிப்போ கத்திக்குத்தோ நடந்தால் உடனே ஒரு குரல் கேட்கிறது. 'பத்து மணிக்கு மேல பசங்க யாரும் தெருவுல நிக்கக் கூடாதுன்னு ஒரு ஆர்டர் போடுங்க சார்.'

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு, சந்து முனையில் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் நான்கு பேரைக் கடந்து போவதுதான் அந்த நாளின் பெரிய வேலை. சைலன்சரைக் கழற்றிய பைக், கஞ்சா, போதைக்காக விழுங்கப்படும் வலி மாத்திரை எல்லாம் இங்கே நிஜம். தட்டிக்கேட்கப் போன பெரியவருக்கு அடி விழுவதும் நடக்கிறது. 'வட சென்னைன்னாலே ரவுடின்னு சினிமாக்காரங்கதான் கெட்ட பேரு வாங்கித் தந்துட்டாங்க' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், அந்தப் பெண்ணுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஆனால், அப்படி ஓர் ஆர்டரைச் சட்டப்படி போட முடியுமா?

பழைய 144 தடை உத்தரவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 163-வது பிரிவு. உடனடி ஆபத்து இருந்தால், காரணத்தை எழுத்தில் சொல்லிப் போட வேண்டிய உத்தரவு அது. சாதாரணமாக 2 மாதம்தான் தாங்கும். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888-ல் வந்தது. அதன் 41-வது பிரிவு கூட்டம், ஊர்வலங்களைக் கட்டுப்படுத்தத்தான். வயது வந்த ஒருவர் தன் தெருவில் 10 மணிக்கு மேல் சும்மா நிற்பது இந்தச் சட்டங்கள் எதிலும் குற்றம் இல்லை.

அதனால் நடப்பதெல்லாம் எழுதாத ஊரடங்கு. ரோந்து ஜீப் வந்து நிற்கும். 'எந்த ஏரியா? இந்நேரத்துக்கு இங்க என்ன வேலை?' பதில் திருப்தியாக இல்லையென்றால், தமிழ்நாடு போலீஸ் 2021 முதல் பயன்படுத்தும் முகம் அறியும் செயலியில் ஒரு போட்டோ. வாய் நீண்டால் 75-வது பிரிவில் பெட்டி கேஸ். டீக்கடைக்கும் ஷட்டர் இறங்கும். கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசே உத்தரவு போட்டதே என்று கேட்கலாம். அது 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகளுக்கு. மாஸ்டரும் ஒரு பையனும் மட்டும் இருக்கும் டீக்கடை அந்தக் கணக்கில் வராது!

பெட்டி கேஸ்தானே, அபராதம் கட்டினால் முடிந்தது என்று தோன்றலாம். அந்தப் பையன் நாளைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். கான்ஸ்டபிள் வேலையும் அதில் அடக்கம்.

அடிக்கடி குற்றம் செய்பவர்களிடம் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஏரியாவில் அதற்கு '110 கேஸ்' என்று பெயர். இந்தப் பிணை விவகாரங்களில் துணை கமிஷனர்களே மாஜிஸ்திரேட்டாகச் செயல்பட அதிகாரம் கொடுத்திருந்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. பிடிப்பவரே நீதிபதியாகவும் உட்காரக் கூடாது என்பதுதான் விஷயம். எழுத்தில் இருந்த அதிகாரத்துக்கே அந்தக் கதி என்றால், எழுதாத ஊரடங்கை எந்தக் கோர்ட்டில் போய்க் கேள்வி கேட்பது?

'கெட்டவங்களை மட்டும் ராத்திரியில அடைச்சு வைப்போம்' என்பது தமிழ்நாட்டுக்குப் புது யோசனையும் அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்பட்ட சமூகங்களின் ஆண்கள் ராத்திரியில் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. பலர் அங்கேயே படுக்கவும் வேண்டியிருந்தது. யார் திருடினார் என்பதை விட்டுவிட்டு, யாருக்குப் பிறந்தார் என்று பார்த்த சட்டம் அது. எதிர்த்து நின்ற உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் இறந்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், 2020 ஜூன் 19-க்கு வரலாம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள்களுக்குள் இருவருமே உயிரோடு இல்லை. வழக்கு சி.பி.ஐ. வரை போனது. ஆரம்பம் என்னவோ கடிகார முள் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன விஷயம்தான்.

ஊரடங்கு என்றால் என்ன என்பது ராயபுரத்துக்கும் தெரியும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலேயே கொரோனா அதிகம் பதிவான மண்டலங்களில் ராயபுரம் முன்வரிசையில் இருந்தது. 'வீட்டிலேயே இருங்கள்' என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எங்கே இருப்பது? அக்கா பரீட்சைக்குப் படிக்கிறாள், விடியற்காலை படகுக்குப் போக வேண்டிய அப்பா தூங்குகிறார். பையன் போனில் மேட்ச் பார்க்க எங்கே போவான்? பெரிய வீடுகளில் ஹால் செய்கிற வேலையை இங்கே தெருமுனை செய்கிறது.

எண்ணூர்க்காரர்கள் மறக்க முடியாத ஓர் இரவும் உண்டு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அன்று உயிர் பிழைக்க அவர்களுக்கு இருந்த வழி அந்தத் தெருதான்.

வெளிநாட்டில் இதையெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பல நகரங்களில் சிறுவர்களுக்கு இரவு ஊரடங்கு உண்டு. அதுபற்றிய ஆய்வுகளைக் கேம்பெல் கூட்டமைப்பு 2016-ல் தொகுத்துப் பார்த்தபோது, அதனால் குற்றம் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஐஸ்லாந்து வேறு ரகம். அங்கே 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. 'பார்த்தீங்களா!' என்று சொல்வதற்கு முன் மிச்சத்தையும் கேட்க வேண்டும். அங்கே ராத்திரியில் தெருவைச் சுற்றிவருவதில் பெற்றோர்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் விளையாட்டு, இசை வகுப்புகளில் சேர ரெய்க்யவிக் நகர நிர்வாகமே பணம் தருகிறது. வெளியே போகாதே என்று சொன்னவர்கள், எங்கே போகலாம் என்பதற்கும் செலவு செய்தார்கள்.

இங்கே அந்தச் செலவைப் பல இடங்களில் அப்பாக்கள்தான் செய்கிறார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுபவர். ஏரியாப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. ரோந்து போகிறவர் கண்ணுக்குச் சில சமயம் 'ஒரு பல்பு, ஒரு போர்டு, சுத்தி எட்டுப் பசங்க' என்று தெரிவது இப்படிப்பட்ட ஓர் இடமாகவும் இருக்கலாம்.

சந்து முனையில் குடித்துவிட்டு வம்பு செய்பவனைப் பிடிக்க இருக்கிற சட்டமே போதும். அவனைப் பெயர் சொல்லிப் பிடிக்க வேண்டும். கஞ்சா விற்பவன் யாரென்று தெருவுக்கே தெரியும். சொன்னவர் பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை மட்டும் வந்துவிட்டால், தெரு தானாகப் பேசும்.

வார்டுகளில் ஏரியா சபை நடத்தும் முறை 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் இருப்பவர்கள் அடுத்த சபைக்குப் போனால் மூன்று கேள்விகளை எடுத்துப் போகலாம். எந்தெந்தச் சந்தில் தெருவிளக்கு எரியவில்லை? மாநகராட்சித் திடலை ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? சாவி யாரிடம் இருக்கிறது?