கண்ணின் பாவை ஏன் சுருங்குகிறது? வெளிச்சம் மட்டும் காரணமல்ல!

கண்ணாடி முன்னால் நின்று கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் சட்டென்று சிறுத்துவிடும். விளக்கை அணைத்தால் மெல்லப் பெரிதாகும். அதுதான் பாவை. எதிரில் நிற்பவரின் உருவம் அதில் குட்டிப் பொம்மை மாதிரி தெரிவதால் வந்த பெயர் என்பார்கள். லத்தீன் மொழியிலும் அதற்குப் பொம்மை என்றுதான் பொருள். வேடிக்கைதான்!

பள்ளிக்கூடத்தில் இதற்குக் கேமராவை உதாரணம் சொல்வார்கள். வெளிச்சம் கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும், சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை. அதோடு மணி அடித்துவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் பாடம் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. நெல் விளையும் ஊரில் பாவை சுருங்க இன்னொரு காரணமும் இருக்கிறது.

பாவை என்பது வெறும் துளைதான். அதைச் சுற்றியுள்ள ஐரிஸில் இரண்டு வகைத் தசைகள் உண்டு. வட்டமான தசை இறுகினால் பாவை சுருங்கும். சக்கரத்தின் ஆரங்கள் போல இருக்கும் தசை இழுத்தால் விரியும் (பயத்தில் பாவை விரிவது இப்படித்தான்). வட்டத் தசையை இறுகச் சொல்லி நரம்பு விடும் ரசாயனத்தின் பெயர் அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடைத்துவிடும்.

புகையானுக்கும் குருத்துப்பூச்சிக்கும் நம் வயல்களில் அடித்துவந்த மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் விஷங்கள் முடக்குவது அந்த நொதியைத்தான். அசிட்டைல்கோலின் உடைபடாமல் தேங்குகிறது. பாவை குண்டூசி முனை அளவுக்குப் போய்விடுகிறது. கூடவே வியர்வை, வாயில் எச்சில், வாந்தி, நெஞ்சில் சளி கட்டி மூச்சுத்திணறல்... இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரோ 'மருந்து'!

மருந்து அடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுப்பவரைப் பார்த்தால் வெயில் மயக்கம் என்று நினைத்து மோர் கொடுப்பது சுலபம். ஆளை நிழலுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் நிற்பவரின் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிழலுக்கு வந்தும் பாவை புள்ளியாகவே இருந்தால் அது வெயில் வேலை அல்ல. ஒன்று முக்கியம்: பாவை சாதாரணமாக இருக்கிறது என்பதற்காக ஆபத்து இல்லை என்று விட்டுவிடக் கூடாது. தோல் வழியாக ஏறிய விஷத்தில் பாவை சுருங்காமலும் இருக்கலாம். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். மருத்துவமனையில் போடும் அட்ரோபின் ஊசி அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும். ஊமத்தையிலும் அட்ரோபின் இருக்கிறது என்று யாராவது அதை அரைத்துக் கொடுக்கப் போகிறார்கள். அது அளவு தெரியாத இன்னொரு விஷம்.

இதற்கு நேர் எதிரானது கட்டுவிரியன் கடி. அதன் விஷம் நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளியே வருவதையே நிறுத்துகிறது. இமை சரியும், மூச்சுத் தசை ஓயும். சிலருக்குப் பாவை அகல விரிந்து, டார்ச் அடித்தாலும் அசையாமல் நிற்கும். உயிர் போய்விட்டது என்று அழத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் செயற்கை சுவாசமும் விஷமுறிவு மருந்தும் கிடைத்து அப்படி இருந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். களத்து மேட்டில் தரையில் படுக்கும் ஊரில் இதைத் தெரியாமல் இருக்கலாமா?

2013-ல் பீகாரில் மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகும் பத்து வருடம் கழித்து, 2023-ல்தான் மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்கு மத்திய அரசு தடை போட்டது. அதே குடும்பத்தின் மற்ற விஷங்கள் கடையில் இருக்கின்றன. தடை வரும்வரை கண்ணைப் பார்க்கவாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இந்த ஊருக்கு அது புதிதும் அல்ல. சுமார் 200 வருடங்களுக்கு முன் இரண்டாம் சரபோஜி காலத்தில் எழுதிய கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, சரஸ்வதி மகாலில் இருக்கின்றன.

பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி போதும், ஒரு படம் போதும். அப்படியே கடைசி வரியாக, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்து டப்பாவையும் அதன் லேபிளையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.