ஹாப்ஸ் ஊற எந்தப் பாத்திரம்?

அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்கு வரியில்லாமல் பீர் காய்ச்சிக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது 1978-இல். ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. அங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் இன்றும் ஓயாத பட்டிமன்றம் ஒன்று உண்டு. ஹாப்ஸ் ஊறப்போடக் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா?

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கொதிக்கும்போது போட்டால் கசப்பு தரும். ஈஸ்ட் தன் வேலையை ஏறக்குறைய முடித்த பிறகு போட்டால், கசப்பு அவ்வளவாக ஏறாமல் வாசனை இறங்கும். இதற்குத்தான் ட்ரை ஹாப்பிங் என்று பெயர். அந்த வாசனைக்கு முதல் எதிரி காற்று. ஆக்சிஜன் பட்டால் மணம் மங்கி, நனைந்த அட்டை மாதிரி ஒரு சுவை வந்துவிடும்.

இது தெரிந்தும் பலர் என்ன செய்கிறார்கள்? வாளியில் நொதித்த பீரைக் கண்ணாடிக் கார்பாய்க்கு மாற்றி, அதில் ஹாப்ஸ் போடுகிறார்கள். அடியில் தங்கிய ஈஸ்ட் பீரைக் கெடுத்துவிடும் என்ற பழைய பயம். மாற்றும்போது காற்று கலக்குமே! 'ஹவ் டு ப்ரூ' எழுதிய ஜான் பாமரே பிற்பாடு, சாதாரண ஏல் வகைகளுக்கு இரண்டாவது பாத்திரம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடியில் கீறல் விழாது, காற்று புகாது. உண்மைதான். ஆனால் அதன் வாய்? குறுகிய கழுத்து வழியாக ஹாப்ஸைக் கொட்டினால், பீரில் கரைந்திருக்கும் வாயு நுரைத்துப் பொங்கி வழியும். பையில் கட்டிப் போட்டால், ஊறி உப்பிய பை வெளியே வராது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சேர்ந்த பீர் நாறும். எல்லாவற்றுக்கும் மேலே, 19 லிட்டர் பீரோடு ஈரக் கையில் வழுக்கினால் உடைவது ஜாடி மட்டுமல்ல. கை நரம்பும் அறுபடும். வாசனைக்காக இவ்வளவு ஆபத்து எதற்கு?

கூம்பு அடியுள்ள எவர்சில்வர் கலம்தான் உத்தமம். அடி வால்வைத் திறந்தால் ஈஸ்ட்டும் ஹாப்ஸும் தனியே இறங்கும். விலைதான் இடிக்கும். கையில் காசு குறைந்தவருக்கு மூடியும் குழாயும் உள்ள உணவுத்தர பிளாஸ்டிக் வாளியே போதும். பிளாஸ்டிக் வழியாகக் காற்று மெல்லக் கசியும் என்பார்கள். மாதக்கணக்கில் வைத்தால்தான் அது கவலை. இரண்டு மூன்று வாரத்துக்கு இல்லை. கீறல் விழாமல் மென்துணியால் கழுவ வேண்டும், கீறியதைத் தூக்கிப் போட வேண்டும், அவ்வளவே.

நொதித்தல் முழுதாக அடங்குமுன் ஹாப்ஸைப் போட்டால், உள்ளே புகுந்த கொஞ்சம் காற்றை ஈஸ்ட்டே தின்றுவிடும். அதன்பின் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுதல். ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்ச மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்வதும் உண்டு. அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். குழாயில் கொஞ்சம் பிடித்து அடர்த்திமானியில் பார்த்து, சில நாள் இடைவெளியில் அளவு மாறாமல் இருந்த பிறகே அடைக்க வேண்டும்.

பாத்திரத்தை எதனால் செய்தார்கள் என்பது இரண்டாவது கேள்விதான். வாய் அகலமா, மூடி இறுக்கமா என்பதே முதல் கேள்வி.