வாசல்ல பேவர் பிளாக் போடப் போறீங்களா? சதுர அடி ரேட்டை மட்டும் கேட்காதீங்க

வீட்டுக்கடன், இ.எம்.ஐ. பத்தியெல்லாம் நிறைய பேசியாச்சு. வீடு கட்டி முடிக்கிற கடைசி மாசத்துல, கையில காசும் இல்லாம பொறுமையும் இல்லாம பல பேர் சொதப்புற ஒரு விஷயம் இருக்கு. கேட்டுல இருந்து போர்டிகோ வரைக்கும் கார் ஏறி இறங்குற அந்தத் தரை. இன்னைக்கு அதைப் பத்தி.

நான் சொதப்பின கதையையே சொல்றேன். 2021-ல கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு கிரவுண்டுல வீடு கட்டினோம். முன்பக்கமும் ஒரு சைடும் சேர்த்து 900 சதுர அடிக்கு பேவர் பிளாக் போடணும். ஒருத்தர் சதுர அடிக்கு 110 ரூபாய் சொன்னார், இன்னொருத்தர் 72. ரெண்டு பேரும் காட்டினது ஒரே மாதிரி 60 எம்.எம். கல்தான். அதே கல்லுக்கு எதுக்கு 34,200 ரூபாய் கூடக் கொடுக்கணும்னு 72-க்கு ஓகே சொல்லிட்டேன்.

கிரஹப்பிரவேசத்துக்கு ஆறு நாள்தான் இருந்துச்சு. முதல் நாளே "சார், ஃபேக்டரில லோடு ஏத்தணும்"னு 40,000 கேட்டார். ஜிபே பண்ணினேன். மூணாவது நாள் "ஆளுங்களுக்குக் கூலி"ன்னு 20,000. மொத்தம் 64,800-ல 60,000 போயாச்சு, வேலை பாதிதான் முடிஞ்சிருந்தது. ஆபீஸ்ல ஒரு வெண்டர் பில்லை மூணு தடவை புரட்டிப் பார்த்துட்டுத்தான் பணம் விடச் சொல்ற ஆள் நான். வீட்டு வாசல்ல அந்த மூளை வேலை செய்யல.

நவம்பர் மழை வந்துச்சு. டயர் போற ரெண்டு தடமும் பள்ளமா இறங்கிடுச்சு. தூக்கி நின்ன ஒரு கல்லுல கால் தட்டி அம்மா விழுந்து, மணிக்கட்டுல மூணு வாரம் கட்டு. காண்டிராக்டருக்குப் போன் பண்ணினா, "வரேன் சார், வரேன் சார்." அவருக்கு வர வேண்டிய பாக்கி 4,800. அதுக்காக ஆளையும் மெஷினையும் கூட்டிட்டு வந்தா அவருக்குத்தான் நஷ்டம். அவர் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

வேற ஆளை வெச்சுப் பிரிச்சுப் பார்த்தப்பதான் விஷயம் தெரிஞ்சது. அஸ்திவாரம் தோண்டி எடுத்த மண்ணைத்தான் வாசல்ல நிரப்பியிருந்தோம். அது மேல நேரா ரெண்டு இன்ச் எம்-சாண்டைப் பரப்பி கல்லை அடுக்கிட்டுப் போயிருக்கார். அந்த 110 ரேட்ல என்ன இருந்துச்சுன்னா, மண்ணை அரை அடி வெட்டி எடுத்து, ஜல்லி கலவை கொட்டி, தண்ணி தெளிச்சு மெஷின்ல இறுக்கி, அதுக்கு மேல மணல், அதுக்கு மேல கல், ஓரத்துல கல் நகராம இருக்க கான்கிரீட் கட்டை. நான் மேல தெரியுற கல்லைப் பார்த்து விலையைக் கம்பேர் பண்ணினேன். வித்தியாசம் கல்லுக்குக் கீழ இருந்துச்சு. மறுபடி போட 41,000 ஆச்சு. ஆக மொத்தம் 1,01,000. முதல்லயே 110-க்கு விட்டிருந்தா 99,000.

அதனால கொட்டேஷன் கேட்கும்போது, "கல்லுக்குக் கீழ என்னென்ன போடுவீங்க, எத்தனை இன்ச், எந்த மெஷின்ல இறுக்குவீங்க, தண்ணி எந்தப் பக்கம் வடியும்"னு கேளுங்க. பதிலை வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. அதுக்கப்புறம் ரேட்டை ஒப்பிடுங்க.

மெட்டீரியல் விஷயத்துல எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. கார், பைக் மட்டும்னா 60 எம்.எம். பேவர் போதும். தண்ணி லாரி உள்ள வரும்னா 80. பைப் லைன்ல பிரச்சனைன்னா நாலு கல்லை எடுத்துட்டு வேலை முடிச்சு திரும்ப வெச்சுக்கலாம்; கான்கிரீட் போட்டா உடைக்கணும். கல் இடுக்குல சிமெண்ட் பால் ஊத்துறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. மணல்தான் போடணும், அப்பத்தான் கொஞ்சம் தண்ணியாவது கீழ இறங்கும். வழவழப்பான டைல்ஸ் மழையில வழுக்கும். வயசானவங்க இருக்குற வீட்ல அந்த பேச்சே வேண்டாம்.

ஆனா நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது இதுதான்: வீடு முடிஞ்சதும் இதைப் போடாதீங்க. ஒரு மழைக்காலம் போகட்டும். நிரப்பின மண் இறங்குறது இறங்கட்டும், தண்ணி எங்க தேங்குதுன்னு உங்க கண்ணாலயே பாருங்க. அதுவரைக்கும் கிரஷர் டஸ்ட் ஒரு லோடு கொட்டி வண்டி ஓட்டுங்க. விசேஷத்துக்கு வர்ற சொந்தக்காரங்க "என்னப்பா, வாசல் இப்படி மண்ணா கிடக்கு"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பர்சனல் லோன் எடுத்தவங்க, கிரெடிட் கார்டைத் தேய்ச்சவங்க என் கிளையண்ட்ஸ்லயே இருக்காங்க. மாசம் 12,500 எடுத்து வெச்சா எட்டு மாசத்துல ஒரு லட்சம், வட்டி கட்டாம. இன்னும் கட்ட ஆரம்பிக்கலையா? அப்போ பேங்குக்குக் கொடுக்குற எஸ்டிமேட்லயே வாசல் வேலையையும் சேர்க்க முடியுமான்னு இன்ஜினியர்கிட்ட கேளுங்க.

பணம் கொடுக்குற விதம். கம்பெனிகள்ல ரிடென்ஷன் மணின்னு ஒண்ணு உண்டு. வேலை முடிஞ்ச பிறகும் ஒரு பகுதியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க. வீட்டுக்கும் அதையே செய்யுங்க: 10% ஒரு நல்ல மழைக்கு அப்புறம்தான்னு முதல்லயே பேசிடுங்க. சின்ன காண்டிராக்டர்களுக்கு இது கஷ்டம், ஒத்துக்கறேன். சனிக்கிழமை ஆனா கூலி கொடுக்கணும், அவங்க கையிலயும் பணம் இருக்காது. அதனால கல்லை நீங்களே ஃபேக்டரில உங்க பேர்ல ஜி.எஸ்.டி. பில்லோட வாங்குங்க. அவருக்கு அட்வான்ஸா பெரிய தொகை கொடுக்க வேண்டிய அவசியமே வராது. கீழ இருக்குற லேயரை நீங்க நேர்ல பார்த்து போட்டோ எடுத்த பிறகு ஒரு பகுதி, கல் போட்டு முடிச்சதும் இன்னொரு பகுதி.

"பில் வேணும்னா 18% கூட ஆகும் சார்"னு சொல்வாங்க. மெட்டீரியலோட முழு காண்டிராக்டா ஜி.எஸ்.டி. பதிவு பண்ணினவர்கிட்ட விட்டா அது உண்மைதான். ஆனா தனி வீட்டுக்குப் புதுசா செய்ற வேலையை வெறும் லேபர் காண்டிராக்டா விட்டா ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கு. கல் வாங்கின பில்லைத் தூக்கிப் போடாதீங்க. பின்னாடி வீட்டை வித்தா, அந்தச் செலவைக் கழிச்சுட்டுத்தான் லாபத்துக்கு இப்போதைய கணக்குப்படி 12.5% வரி.

தகராறு வந்தாலும் பேப்பர்தான் பேசும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். நான் போகல. என்கிட்ட இருந்தது ரெண்டு ஜிபே ஸ்கிரீன்ஷாட். எத்தனை இன்ச் ஜல்லி போடணும்னு நானும் கேட்கல, அவரும் எழுதித் தரல.