வளர்த்த பிள்ளையும் வாங்கிய வீரனும்

2024 ஓகஸ்ட் இறுதி வாரத்தில் மன்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்டக் கழகம் இரண்டு காரியங்களைச் செய்தது. சிறுவனாக வந்து சேர்ந்து தன்னிடமே வளர்ந்து ஆளான மத்தியகள வீரர் ஸ்கொட் மெக்டொமினேயைச் சுமார் 25 மில்லியன் பவுண்களுக்கு இத்தாலியின் நாபொலி கழகத்திற்கு விற்றது. அதே வாரத்தில் உருகுவே நாட்டு மத்தியகள வீரர் மனுவெல் உகார்ட்டேயைச் சுமார் 50 மில்லியன் யூரோக்களுக்குப் பாரிஸிலிருந்து வாங்கியது.

ஒன்பது மாதங்கள் சென்றன. 2025 மே மாதத்தில் நாபொலி இத்தாலியின் சம்பியனானது. பட்டத்தை உறுதிசெய்த கடைசிப் போட்டியில் முதலாவது கோலைப் போட்டவர் மெக்டொமினே. அந்தப் பருவகாலத்தின் அதிசிறந்த வீரருக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. அதே மாதத்தில் யுனைட்டட், பிறீமியர் லீக்கில் 15ஆம் இடத்தில் நின்றது. 1992இல் அந்த லீக் ஆரம்பிக்கப்பட்டதன் பின்னர் அக்கழகம் இவ்வளவு கீழே இறங்கியதில்லை.

ஒரேயொரு விற்பனையை வைத்துக்கொண்டு ஒரு கழகத்தின் கொள்கை முழுவதையும் எடைபோட்டுவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால், இது தனியொரு சம்பவமல்ல. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஓல்ட் ட்ரபர்டில் மீண்டும் மீண்டும் நடந்துவரும் ஒரு கதையின் பிந்திய அத்தியாயம்.

இளையோரை வளர்ப்பதில் யுனைட்டட்டிற்கு இருக்கும் பாரம்பரியம் இலேசானதல்ல. 1937 ஒக்டோபர் தொடக்கம், நாலாயிரத்திற்கும் அதிகமான போட்டிகளில், அக்கழகம் வளர்த்த ஒரு வீரராவது இடம்பெறாத குழாம் எதுவும் களமிறக்கப்பட்டதில்லை. சேர் மற் பஸ்பி கட்டியெழுப்பிய இளம் அணியில் எட்டு வீரர்கள் 1958 பெப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மாண்டார்கள். பத்து வருடங்கள் கழித்து, 1968இல் பென்பிகா கழகத்தை 4-1 என்று தோற்கடித்து யுனைட்டட் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது நான்கு கோல்களையும் போட்டவர்கள் பொபி சால்ட்டன், ஜோர்ஜ் பெஸ்ட், பிறயன் கிட் ஆகிய மூவர். மூவருமே கழகத்தின் சொந்தப் பிள்ளைகள்.

இதைச் சொல்லி, 'வாங்குவதெல்லாம் பாவம், வளர்ப்பதெல்லாம் புண்ணியம்' என்று தீர்ப்பு வழங்குபவர்கள் பலர். அது வரலாற்றைப் பாதியில் படிப்பதாகும். அதே இறுதிப்போட்டியில், ஆட்டம் 1-1 என்று இருந்த வேளையில், யூசேபியோ வலுவாக உதைத்த பந்தைப் பிடித்து அணியைக் காப்பாற்றிய கோல் காப்பாளர் அலெக்ஸ் ஸ்டெப்னி, செல்சியிடமிருந்து வாங்கப்பட்டவர்.

சேர் அலெக்ஸ் பேர்கசன் காலத்துக் கதையும் இதுதான். 1995 கோடையில் போல் இன்ஸ், மார்க் ஹியூஸ், அன்ட்ரே கன்செல்ஸ்கிஸ் என்ற மூன்று பெரிய வீரர்களை அவர் வெளியேற விட்டார். அவர்களின் இடத்திற்கு எவரையும் வாங்கவில்லை. முதற் போட்டியில் அஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றதும், சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று பி.பி.சி. தொலைக்காட்சியில் அலன் ஹன்சன் சொன்னார். அந்தச் சிறுவர்கள் பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள். பருவகாலம் முடிந்தபோது லீக் பட்டமும் எஃப்.ஏ. கிண்ணமும் யுனைட்டட்டின் கைகளில் இருந்தன.

ஹன்சனைக் கேலி செய்யும் அவசரத்தில் பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சிறுவர்களுக்குப் பின்னால் பீற்றர் ஷ்மைக்கல் நின்றார். நடுவில் ரோய் கீன் நின்றார். முன்னால் எரிக் கன்டோனா நின்றார். மூவரும் விலைகொடுத்து வாங்கப்பட்டவர்கள். 1999இல் பார்சிலோனா நகரில் பயேர்ண் மியூனிக்கிற்கு எதிராக உபாதையீடு நேரத்தில் விழுந்த இரண்டு கோல்களும் பெக்கமின் கோர்ணர் கிக்குகளிலிருந்து பிறந்தவை. அவற்றைப் போட்ட ஷெரிங்கமும் சோல்ஷாரும் வாங்கப்பட்டவர்கள். வளர்த்தவன் உதைக்க, வாங்கியவன் கோலாக்கினான். சமநிலை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே, எவ்வளவு செலவழிக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்த பின்னர் சந்தைக்குப் போகிறோமா, அல்லது பார்க்காமலே போகிறோமா என்பதே முதலாவது கேள்வி. பேர்கசன் பார்த்துவிட்டுப் போனார். தன்னிடம் இல்லாததை வாங்கினார்.

அவருக்குப் பின்னர் வந்தவர்கள் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார்கள். போல் பொக்பாவின் விவகாரத்தில் பேர்கசனின் காலத்திற்கும் பங்குண்டு. கழகத்தின் இளையோர் அணியில் ஆடிய அவர், 2012இல் ஏறத்தாழ இலவசமாக யுவென்டஸுக்குச் சென்றார். நான்கு வருடங்களின் பின்னர் அவரையே 89 மில்லியன் பவுண்கள் கொடுத்து, அன்றைய உலக சாதனை விலையில் யுனைட்டட் திரும்ப வாங்கியது. 2022இல் ஒப்பந்தம் முடிந்து, ஒரு சதமும் தராமல் அவர் மீண்டும் யுவென்டஸுக்கே போனார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இது. அதே 2022இல் 95 மில்லியன் யூரோக்களுக்கு அயக்ஸிடமிருந்து வாங்கிய அன்டனியை, 2025இல் அதன் நான்கிலொரு பங்கை அண்டிய தொகைக்கு ஸ்பெயினின் பெட்டிஸ் கழகத்திற்கு விற்றார்கள்.

இவ்வளவுக்கும், 2024 எஃப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டியில் மன்செஸ்டர் சிற்றியை 2-1 என்று வென்றபோது யுனைட்டட்டின் இரண்டு கோல்களையும் போட்டவர்கள் இளையோர் அணியிலிருந்து வந்த 19 வயது இளைஞர்களான கர்னாச்சோவும் மைனூவுமே. அடுத்த வருடமே கர்னாச்சோ 40 மில்லியன் பவுண்களுக்குச் செல்சிக்கு விற்கப்பட்டார்.

இந்த விற்பனைகளுக்குப் பின்னால் ஒரு கணக்கியல் விந்தை இருக்கிறது. ஒரு வீரரை 50 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கேட்டில் வருடத்திற்குப் பத்து மில்லியன் மட்டுமே செலவாகப் பதியப்படும். தானே வளர்த்த வீரருக்குக் கொள்விலை கிடையாது. ஆதலால் அவரை 25 மில்லியனுக்கு விற்றால், அத்தொகை முழுவதும் அந்த வருடத்தின் இலாபமாகிவிடும். மூன்று வருடங்களில் 105 மில்லியன் பவுண்களுக்கு மேல் நட்டமடையக் கூடாது என்ற பிறீமியர் லீக் விதியின் கீழ், நெருக்கடியில் இருக்கும் கழகம் முதலில் யாரை விற்கும்? சொந்தப் பிள்ளையைத்தான். செல்சி மேசன் மவுண்டை விற்றதும், நியூகாசில் எலியட் அன்டர்சனை விற்றதும் இதே பின்னணியில்தான். இளையோர் வளர்ப்புக்கான செலவு நட்டக் கணக்கில் சேர்க்கப்படமாட்டாது என்று அதே விதி சலுகையும் வழங்கியிருந்தது. வளர்ப்பதை ஊக்குவித்த விதியே, வளர்த்தவனை விற்கவும் தூண்டியது.

2026-27 பருவகாலத்திலிருந்து இந்த விதிக்குப் பதிலாக, வருமானத்திற்கும் குழாத்தின் செலவுக்கும் இடையிலான விகிதத்தைக் கட்டுப்படுத்தும் முறைமையைக் கொண்டுவர 2025 நவம்பரில் கழகங்கள் வாக்களித்தன. ஆயினும் வீரர் விற்பனையில் கிடைக்கும் இலாபத்திற்கு அதிலும் இடமுண்டு. வாங்கிய வீரரின் விலையைப் பல வருடங்களுக்குப் பிரித்துப் பதிய அனுமதிப்பவர்கள், வளர்த்த வீரரை விற்ற இலாபத்தையும் அதேபோல ஐந்து வருடங்களுக்குப் பிரித்துப் பதியுமாறு பணிக்கலாம். அப்படிச் செய்தால், அவசரத்திற்கு அடகு வைக்கும் நகையாக இளம் வீரர்களைப் பார்க்கும் பழக்கம் குறையும்.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். பயிற்சியகங்களில் சேரும் சிறுவர்களில் பெரும்பாலானோர் முதலாவது அணியை எட்டுவதில்லை. மெக்டொமினே விற்கப்பட்டபோது, போனால் போகட்டும் என்று சொன்ன ரசிகர்களும் இருந்தார்கள். நாபொலியில் அவர் பிரகாசித்ததற்கு, அவரைக் கோலுக்கு அருகில் ஆடவிட்ட பயிற்றுநர் அன்டோனியோ கொன்டேக்கும் பங்குண்டு. ஆனால், அந்த ஆற்றலை இருபது வருடங்களாக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காணவில்லை என்றால், முன்பின் பழகாத ஒருவரின் ஆற்றலை மட்டும் அவர்கள் எப்படிச் சரியாக அளந்திருப்பார்கள்?

பயிற்சியகத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. அது மலிவாக ஆள் பிடிக்கும் இடமல்ல. ஒரு கழகம் தன்னைத்தானே அறிந்துகொள்ளும் இடம். தன்னிடம் இருப்பதன் பெறுமதி தெரியாத கழகத்திற்குச் சந்தையில் இருப்பதன் பெறுமதியும் தெரியாது. யுனைட்டட் இழந்த மில்லியன்கள் எல்லாம் அந்த அறியாமைக்குச் செலுத்திய விலை. பணிப்பாளர் சபையில் இருப்பவர்கள் அடுத்த காசோலையில் கையொப்பமிடுவதற்கு முன்னர், இளையோர் அணியின் பயிற்றுநரை அழைத்து ஒரு மணிநேரம் பேசட்டும். அதற்குச் செலவு எதுவுமில்லை.