கையெழுத்துக்கு முன் உண்மை: எங்கள் கொள்கைப் பிரகடனம்

இதய நோயாளிகளும் குடும்பத்தாரும், எங்களோடு நிற்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஆய்வுகள் கண்டு சொன்னதை, கையெழுத்து வாங்கும் முன் நோயாளியிடம் சொல்லுங்கள்.

கேத் லேப் வாசலை நினைத்துப் பாருங்கள். இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ பாதியில் கதவு திறக்கிறது. "எண்பது சதவீத அடைப்பு இருக்கு. இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா? சீக்கிரம் சொல்லுங்க." அப்பா உள்ளே மேசையில் படுத்திருக்கிறார். மகளின் கையில் ஆங்கில ஒப்புதல் படிவம். பேனாவையும் மருத்துவமனையினரே கொடுக்கிறார்கள். அந்த நிலையில் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மாரடைப்பு என்றால் அந்த அவசரம் நியாயம். ரத்தம் உறைந்து குழாய் அடைபட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்ததாகக் கருதப்பட்ட 17,187 பேர் பங்கேற்றார்கள். ஆஸ்பிரினும், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 8 சதவீதம்; இரண்டும் பெறாதவர்களில் 13.2 சதவீதம். தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடும் ஆம்புலன்சோடும் இணைத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதில் மாரடைப்பு வந்தவர்களின் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. மாரடைப்பில், குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டை வைப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அது இன்னும் விரைவாகக் கிடைக்க வேண்டும் என்கிறோம்.

மாடி ஏறினால் நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுவிடுகிற, மாதக்கணக்கில் மாறாத வலி வேறு. இஸ்கீமியா ஆய்வு, 37 நாடுகளில் இப்படி நிலையான இதயக்குழாய் நோய் உள்ள 5,179 பேரை இரு பிரிவாக்கியது. நம் நாட்டவரும் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தோடு உடனே ஆஞ்சியோ, தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மற்றதற்கு முதலில் மருந்து மட்டும். 2020-இல் முடிவு வந்தது. முதல் பிரிவில் 145 பேர் இறந்திருந்தார்கள், மறு பிரிவில் 144 பேர்.

இறப்பில் வேறுபாடு இல்லாததன் காரணம் புரியாததல்ல. பல மாரடைப்புகள் பெரிய அடைப்பில் நிகழ்வதில்லை. குழாயை அதிகம் மறைக்காத கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் நிகழ்கின்றன. ஸ்டென்ட் ஓரிடத்தைத் திறக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும், ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், புகைப்பதை விடுவதும் எல்லாக் குழாய்களையும் காக்கின்றன.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். அடிக்கடி வலி வருபவர்களுக்கு ஸ்டென்ட் நிம்மதி தருகிறது. 2023-இல் வந்த ஆர்பிட்டா-2 ஆய்வு, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டே அதைக் காட்டியது. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் இதயம் மிகவும் பலவீனமானவர்களும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது. வலி குறைய ஸ்டென்ட் வேண்டும் என்று நோயாளி தெரிந்து கேட்டால் அது அவர் உரிமை. "வைக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போய்விடுவார்" என்று பயமுறுத்தி வாங்கும் ஒப்புதலை நாங்கள் ஒப்புதலாக ஏற்கவில்லை.

2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு மத்திய அரசு 29,600 ரூபாய் என்று வரம்பு கட்டியது. நல்ல காரியம். ஆனால் ஒரு நோயாளிக்கு ஸ்டென்ட் தேவையா என்பதை எந்த விலை உத்தரவும் தீர்மானிக்காது.

எனவே, நிலையான நெஞ்சுவலிக்காரரை ஆஞ்சியோ மேசையிலேயே வைத்துக்கொண்டு முடிவு கேட்கும் வழக்கம் நிற்க வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஸ்டென்ட் ஆயுளைக் கூட்டுமா, வலியை மட்டும் குறைக்குமா என்பது அதன் முதல் வரியாக இருக்க வேண்டும். ஆஞ்சியோ பதிவு கேட்காமலே கைக்கு வர வேண்டும். வேறொரு மருத்துவரிடம் காட்ட அவகாசம் தர வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சு அழுத்தி வியர்த்துக் கொட்டினால், யாரையும் கேட்டுக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவர் நிலையான அடைப்பு என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். கேட்கத் தயங்குபவர்களுக்காகக் கூட வந்து நிற்க எங்களோடு சேருங்கள்.